சிக்னல் இன்ஸ்பெக்டர் தாண்டிய சிவப்பு

சண்முகரத்தினம் அந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தபோது, மகள் ஜெயமாலா வலது கையை நீட்டியபடி எதிரே நின்றாள்.

"திறப்பைத் தாங்கோ அப்பா."

கார்ச் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அவர் பையைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளை, இதிலை ஏதோ பிழை இருக்குது."

"ஓம். பிழை உங்கட கண்ணிலை. பெப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலமை பத்து நாற்பத்தொண்டு. கிள்ளானிலை சிவப்பு விளக்கு எரியேக்க உங்கட கார் கோட்டைத் தாண்டியிருக்குது. கேமரா பொய் சொல்லுமோ?"

கடிதத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருந்தது. அதில் எண் பலகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் கறுப்புப் புகை. எண் என்னவோ அவருடைய வெள்ளை புரோட்டான் சாகா காரின் எண்தான்.

வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு சம்மனைக் கட்டிவிட்டு, அன்று மாலையே மறந்திருப்பார்கள். ஆனால் சண்முகரத்தினம் மலேசிய ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் சிக்னல் இன்ஸ்பெக்டர். சிவப்பு விளக்கைத் தாண்டிய எஞ்சின் டிரைவர்கள் அவர் மேசைக்கு முன்னால் நின்று வியர்த்திருக்கிறார்கள். அவரையே சிவப்பைத் தாண்டியவர் என்று ஒரு கம்பத்தின் மேலிருந்த பெட்டி சொல்லிவிட்டது.

அது மானப் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை சாவி.

சனிக்கிழமை பிற்பகல்களில் சுங்கை வேயில், பழைய எஞ்சின் டிரைவர் பிரகலாதன் வீட்டில், முந்நூற்று நாலு ஆட்டம் நடக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்களின் சீட்டாட்டம் அது. இரண்டு பேர் ஒரு கட்சி, இரண்டு பேர் எதிர்க்கட்சி. நாலு கை இல்லையென்றால் ஆட்டமே இல்லை. வீட்டுக்காரர் பிரகலாதன் ஒரு கை, சண்முகரத்தினம் ஒரு கை. மற்ற இரண்டு பேரில் ஒருவருக்கு முழங்கால் மடங்காது, இன்னொருவருக்கு ஒரு கண்ணில் புரை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய், ஆட்டம் முடிந்ததும் திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடுவது சண்முகரத்தினத்தின் சாகாதான். சாவி போனால் நாலு கிழவர்களின் சனிக்கிழமையும் போச்சு.

"உனக்குக் கோர்ட்டிலை நம்பிக்கை இருக்குதோ?" என்றார்.

"ஏன் கேக்கிறீங்கள்?"

"கோர்ட் என்னைக் குற்றவாளி எண்டு சொன்னால், அந்த இடத்திலையே திறப்பை உன்ர கையிலை வைக்கிறன். சொல்லாட்டி, நீ இனிமேல் வாய் திறக்கக் கூடாது."

கேமரா படத்தை எதிர்த்து வென்றவர்கள் யாரையும் ஜெயமாலா கேள்விப்பட்டதில்லை. "சரி," என்றாள் உடனே.

சம்மனை எதிர்ப்பது எப்படி என்று சண்முகரத்தினம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். கட்டிவிட்டால் ஐந்து நிமிட வேலை. கட்டாமல் விட்டால் நீதிமன்றத்தில் ஒரு நாள் கூப்பிடுவார்கள். அன்று குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவார்கள். ஒப்புக்கொண்டால் அங்கேயே தீர்ப்பு. ஒப்புக்கொள்ளாமல் விசாரணை கேட்டால் இன்னொரு தேதி. அந்தத் தேதியில், குற்றம் நடந்தது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். நடக்கவில்லை என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் நிரூபித்தே தீருவது என்று முடிவு செய்தார். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் பதிவேட்டை எடுத்தார்.

ரயில் நிலையங்களில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். எந்த வண்டி எப்போது கிளம்பியது, அடுத்த நிலையத்தை எப்போது அடைந்தது, வழியில் ஏதாவது நடந்ததா என்று அதில் எழுதுவார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் தன் காருக்கும் அப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டார். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், ஊர், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். யார் ஓட்டினாலும், கார் வீட்டை விட்டு அசைந்தால் அதில் ஒரு வரி விழும். பதினைந்து ஆண்டுகளாக ஒரு நாள் தப்பியதில்லை.

"இதிலை எல்லாம் இருக்குது. எட்டாம் தேதி நான் கிள்ளான் பக்கமே போயிருக்க மாட்டன்," என்று சொல்லிக்கொண்டே மகளின் முன்னால் பக்கங்களைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. நின்ற விரலை மெல்ல எடுக்கப் பார்த்தார். ஜெயமாலா விடவில்லை.

'8 பெப்ரவரி. பிரிக்பீல்ட்ஸ் 10.02. கிள்ளான் 10.49. விமலன் கல்யாணம். பயணம் சுகம். வழியில் குறிப்பிட எதுவும் இல்லை.'

ஜெயமாலா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"போலீசுக்குக் கேமராவே தேவையில்லை அப்பா. உங்கட கொப்பி காணும்!"

"கல்யாணத்துக்குப் போனது உண்மைதான். சிவப்பைத் தாண்டினது எண்டு இதிலை எங்க இருக்குது?"

"அண்டைக்கு நானும் காருக்குள்ளதானே இருந்தன். பிரேக், பிரேக் எண்டு நான் கத்தினது நினைவில்லையோ?"

"நீ எந்தக் கல்யாணத்துக்குப் போகேக்க கத்தாமல் வந்தனி?"

"அப்ப அண்டைக்கும் கத்தியிருப்பன்தானே?"

அவர் பதிவேட்டை மூடினார். அந்தத் தை மாதத்தில் மட்டும் கிள்ளானில் ஐந்து கல்யாணம். எல்லாக் கல்யாணங்களும் அவர் மனத்தில் ஒரே மேளச் சத்தமாகவும் ஒரே பாயசமாகவும் கலந்து கிடந்தன.

பதிவேடு கைவிட்டது. அடுத்ததாக அவர் சந்தேகப்பட்டது மஞ்சள் விளக்கை.

"பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவிலை மஞ்சள் எத்தனை வினாடி எரியுது? அதுதான் கேள்வி," என்று பிரகலாதனிடம் விளக்கினார். "அறுபது கிலோமீட்டர் வேகத்திலை வாற கார் ஒரு வினாடியிலை பதினேழு மீட்டர் ஓடும். டிரைவர் மஞ்சளைப் பார்த்து, மூளைக்கு விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. கார் நிக்க இன்னும் ரெண்டு, மூண்டு வினாடி. மஞ்சள் நாலு வினாடி எரிய வேணும். ரெண்டு வினாடியிலை அணைஞ்சால், எந்த மனிசனாலையும் நிப்பாட்ட ஏலாது. அப்ப பிழை விளக்கிலை. விளங்குதோ?"

"விளங்குது. என்னை என்னத்துக்குக் கூப்பிடுறாய்?"

"நீ விளக்கைப் பார். நான் ஸ்டாப் வாட்ச்சைப் பார்க்கிறன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். சந்தி நன்றாகத் தெரிகிற ஒரே இடத்தில் சாகாவை நிறுத்தினார்கள். பிரகலாதன் "மஞ்சள்!" என்று கத்துவார். பிறகு "சிவப்பு!" என்று கத்துவார். சண்முகரத்தினம் பொத்தானை அமுக்கி எழுதுவார். பன்னிரண்டாவது மஞ்சளில் ஒரு போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இளைஞர். சட்டையில் குகன் என்று பெயர் இருந்தது.

"அங்கிள், காலையில இருந்து இங்கயே இருக்கீங்கன்னு கடைக்காரவங்க போன் பண்ணியிருக்காங்க. ரெண்டு பேரு, நோட்டுப் புக்கு, கேமராவையே பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு. என்ன பண்றீங்க?"

"தம்பி, விளக்கை விசாரிக்க வந்தனாங்கள்," என்றார் பிரகலாதன்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"ரயில்வே."

"இங்க ரயில் வராதே அங்கிள்."

சண்முகரத்தினம் இறங்கி வந்து ஆரம்பத்திலிருந்து சொன்னார். சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருப்பது, அதற்கு மேலே காரின் இரும்பு வரும்போது மின்னோட்டம் மாறுவது, அந்த மாற்றம் பெட்டிக்குப் போவது, சிவப்பு எரியும் நேரத்தில் மாற்றம் வந்தால் மட்டும் கேமரா கண் திறப்பது எல்லாம் சொன்னார். குகன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டான். நடுவில் இரண்டு சந்தேகம்கூடக் கேட்டான். கேட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க அங்கிள். இவ்வளவு நாளா எனக்கே தெரியாது. ஆனா வண்டிய நிறுத்தக் கூடாத மஞ்சக் கோட்டுல போட்டிருக்கீங்க லா."

சண்முகரத்தினம் குனிந்து பார்த்தார். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கோட்டின் மேல் ஒழுங்காக நின்றன.

"ஓம். இது பிழைதான். எழுதுங்கோ," என்றார். அந்தச் சம்மனை அன்றைக்கே போய்க் கட்டினார். செய்த தப்புக்கு வாதாடுவது அவர் பழக்கமில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து கணக்கெழுதியபோதுதான் முதுகு சாய்ந்தது. குகன் போன பிறகு, வண்டியை ஒழுங்கான இடத்தில் விட்டுவிட்டு, நடந்து வந்து மேலும் பத்தொன்பது முறை அளந்திருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு மஞ்சள். முப்பத்தொன்றும் நாலு வினாடி. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

"நல்ல சிக்னல்," என்றார் பெருமூச்சோடு. இப்படி ஒரு சிக்னல் தன் காலத்தில் தன் பிரிவில் இருந்திருந்தால் அதன் கம்பத்தைத் தட்டிக் கொடுத்திருப்பார்.

"அப்ப விளக்கிலையும் பிழை இல்லை," என்றாள் ஜெயமாலா. "ஆதாரத்தை எல்லாம் நீங்களே தேடிக் குடுக்கிறீங்கள். பாவம், அரசாங்க வக்கீலுக்கு வேலையே இல்லை."

முதல் தேதியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை கேட்டாயிற்று. மிச்சமிருந்தது சாட்சி. சண்முகரத்தினம் எவ்வளவு கவனமான ஓட்டுநர் என்று சொல்ல, விசாரணைத் தேதியன்று பிரகலாதன் கோட் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். விசாரணை அறைக்கு வெளியே மரப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது, ஜெயமாலா ஒத்திகை பார்த்தாள்.

"அங்கிள், அப்பா வேகமா கார் ஓடுவாரோ?"

"சீச்சீ! ஆமை மாதிரி. அவரோட போனால் சைக்கிள்காரன் எல்லாம் முந்திக்கொண்டு போவான்."

"அப்ப பச்சையிலை சந்திக்குள்ள நுழைஞ்சால்?"

"மற்றப் பக்கம் போய்ச் சேரேக்க சிவப்பு விழுந்திடும்," என்றார் பிரகலாதன் பெருமையோடு.

சண்முகரத்தினம் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். "பிரகலாதா, நீ வெளியிலையே இரு. உள்ளுக்கு வரக் கூடாது."

சாட்சியும் போயிற்று. பெயர் கூப்பிடும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான், இத்தனை வாரமாக ஓட ஓடத் துரத்தி வைத்திருந்த ஒரு நினைப்பு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஒருவேளை உண்மையாகவே தாண்டியிருந்தால்?

எழுபத்திரண்டு வயது. அந்தப் பயணத்தில் ஒரு சந்தியும் அவருக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் பிரிக்பீல்ட்ஸில் கார்க் கதவைச் சாத்தியது நினைவுக்கு வருகிறது. அடுத்தது கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தது. நடுவே நாற்பத்தேழு நிமிடம் வெறும் இருட்டு. ஓர் எஞ்சின் டிரைவர் இப்படிச் சொல்லியிருந்தால் அவனை அன்றைக்கே வண்டியிலிருந்து இறக்கியிருப்பார்.

உள்ளே வேலை மளமளவென்று நடந்தது. நீதிபதி ஓர் இளம்பெண். பெயர் வாசிப்பார்கள், குற்றச்சாட்டு வாசிப்பார்கள், நின்றவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்பார், தீர்ப்பு. ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. சண்முகரத்தினத்தின் முறை வந்தபோதுதான் அந்த ஓட்டம் நின்றது.

"விசாரணை கேட்டவர் நீங்கள்தானா?" என்று நீதிபதி மலாயில் கேட்டார். "வக்கீல் இருக்கிறாரா?"

"இல்லை, புவான். நானே பேசுகிறேன்," என்று அவரும் மலாயில் சொன்னார். புவான் என்றால் அம்மையார்.

"ஆரம்பிப்பதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

பதிவேடு இல்லை, மஞ்சள் இல்லை, சாட்சி இல்லை. வெறுங்கையோடு நின்றபோது, முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம் அவர் வாயிலிருந்து தானாகப் பேசியது.

"ஒரே ஒரு கேள்வி, புவான். ரயில்வேயில் ஒவ்வொரு சிக்னல் பெட்டிக்குள்ளும் ஒரு பரிசோதனை அட்டை தொங்கும். கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தோம், அடுத்து எந்தத் தேதிக்குள் சோதிக்க வேண்டும், யார் கையெழுத்து என்று அதில் இருக்கும். தேதி தாண்டிவிட்டால், அந்தச் சிக்னல் சொல்வதை நாங்கள் நம்ப மாட்டோம். சரியாக வேலை செய்தாலும் நம்ப மாட்டோம். இந்தக் கேமராவின் அட்டையை நான் பார்க்கலாமா?"

நீதிபதி அரசாங்க வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கோப்பைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்தார், வைத்தார், அடியிலிருந்த இன்னொரு தாளை எடுத்தார். பிறகு பக்கத்தில் கோப்புகளைச் சுமந்து நின்ற போலீஸ்காரரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அந்தப் போலீஸ்காரர் குகன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"புவான்," என்றார் வக்கீல், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பழைய சான்றிதழ் ஜனவரி முப்பத்தொன்றோடு முடிந்திருக்கிறது. புதியது மார்ச் மூன்றாம் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது."

"சம்பவம் நடந்த தேதி?"

"பெப்ரவரி எட்டு."

அறையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் வழக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நீதிபதி எழுதினார், நிமிர்ந்து, "நீங்கள் போகலாம், ஐயா," என்றார். படத்தை யாரும் எடுத்துக் காட்டக்கூட இல்லை. எல்லாம் முடிய ஒன்பது நிமிடம் ஆனது. சண்முகரத்தினம் கைக்கடிகாரத்தில் பார்த்திருந்தார்.

வெளியே வந்ததும் பிரகலாதன் அவரைக் கட்டிப்பிடித்தார். "சனிக்கிழமை ரெண்டு மணி! சொல்லிப்போட்டன்!" என்று கத்திவிட்டு, முழங்கால்காரருக்கும் புரைக்காரருக்கும் போன் செய்ய ஓடினார்.

ஜெயமாலா சிரித்தாள். அவளுக்கும் எங்கோ நிம்மதியாக இருந்தது.

"சரி அப்பா. நீங்கள் வெண்டிட்டீங்கள். இனி நான் வாய் திறக்க மாட்டன்."

சண்முகரத்தினம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவளுடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன இது?"

"கேமராவுக்குக் கடதாசி இல்லை எண்டுதான் கோர்ட் சொன்னது, பிள்ளை. நான் தாண்டேல்லை எண்டு சொல்லேல்லை." அவர் குரல் தணிந்திருந்தது. "ரயில்வே சிக்னலிலை ஒரு சங்கதி இருக்குது. கம்பி அறுந்தாலும், கரண்ட் நிண்டாலும், அது தானாய்ச் சிவப்புக்குத்தான் போகும். பச்சைக்குப் போகாது. என்ன நடக்குது எண்டு தெரியாட்டி, வண்டியை நிப்பாட்டு. அதுதான் சட்டம். அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியேல்லை. நாற்பத்தேழு நிமிஷம் எனக்கு ஞாபகமே இல்லை. இப்பிடி ஒரு ஆள் கார் ஓடக் கூடாது."

ஜெயமாலா சாவியைப் பார்த்தாள். மூன்று மாதமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் விரல்களை மடக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்பா, விடுங்கோ லா. வயசு போனால் எல்லாருக்கும் மறக்கும். நான் ஓடிக்கொண்டு போய் விடுறன், சனிக்கிழமையிலை. சிவப்பு, மஞ்சள் எல்லாம் நான் பார்த்துக்கொள்ளுறன்."

"ஓம்," என்றார் அவர். "உன்ர கண் நல்ல கண்."

படியிறங்கத் திரும்பியபோது, பின்னால் பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. குகன்தான். கையில் ஒரு பெரிய படம். கடிதத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்ததன் முழு வடிவம். அதில் சந்தி தெரிந்தது, சிவப்பு தெரிந்தது, சாகாவின் முன் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

"அங்கிள், கேஸ் முடிஞ்சிருச்சு, இனிமே யாரும் யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது. அதான் தைரியமா கேக்குறேன்," என்றான் அவன், படத்தையும் ஜெயமாலாவையும் மாறி மாறிப் பார்த்தபடி. "பக்கத்து சீட்டுல வாயத் தொறந்துகிட்டு தூங்குறது நீங்க. அப்ப ஸ்டீரிங்கப் பிடிச்சிருக்கிறது இந்த அக்காதானே?"